வாட்ச்மேன் நடத்திய சர்வர்

தலைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்துவிட்ட என் வயதுக்காரர்களுக்குத்தான் இது முழுசாகப் புரியும். போன் மணி அடித்தால் இன்டர்நெட் அறுந்து போகும் காலம் ஒன்று இருந்தது. அது முடிந்து, ஒரே ஒயரில் போனும் இன்டர்நெட்டும் சேர்ந்து வரத் தொடங்கியபோது நமக்கு வந்த திமிர் இருக்கிறதே! மோடத்தில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்க்கவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். இப்போதுள்ள பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மரியாதைக்குக்கூடக் கொட்டாவியை அடக்குவதில்லை.

மேற்கு தாம்பரத்தில் எங்கள் வீட்டு ஹாலை ஒட்டி ஒரு சின்ன அறை. அரிசி டிரம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வைக்கும் அட்டைப்பெட்டி, பழைய சூட்கேஸ்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்தக் குப்பைக்கு நடுவே அக்கா தன் கம்ப்யூட்டரை வைத்திருந்தாள். பெங்களூரில் வேலை பார்த்த சித்தப்பா, ஆபீஸில் கழித்துக் கட்டிய ஒரு மெஷினைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதற்குத் தேவைப்பட்ட மெமரியையும் ஒரு மானிட்டரையும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அக்காவே பேரம் பேசி வாங்கினாள். அப்போது அவள் பிளஸ் டூ, நான் ஏழாவது. சந்தையில் மானிட்டரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில், கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரிடம், "இன்னா நைனா, இந்தப் பொண்ணு நம்மள வித்துட்டுப் பூடும் போலக்கீது" என்று சிரித்தார்.

அந்தக் கிழட்டு மெஷின், எல்லார் வீட்டிலும் இருந்த சிஸ்டத்தைப் போட்டால் மூச்சு முட்டி நின்றுவிடும். அதனால் சித்தப்பா வேறொரு சிஸ்டத்தை சிடியில் போட்டுக் கொடுத்தார். பிஎஸ்டி என்று மூன்று எழுத்தில் முடியும் பெயர். அதில் படம் கிடையாது, பாட்டுக் கிடையாது. கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடும், அவ்வளவுதான். எங்கள் தெருவில் யாரும் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை. "இது நிக்காம ஓடும்டி. மாசக்கணக்கா ஓடும்" என்று அக்கா சொல்வாள். தன் குழந்தை வகுப்பில் முதல் ரேங்க் வாங்கியதைச் சொல்லும் தாய்மார்களின் முகம் அப்போது அவளுக்கு.

நிற்காமல் ஓடி அது செய்த வேலை விளையாட்டு. நாலு பேர் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து ஒரு விளையாட்டை ஆட வேண்டும் என்றால், எல்லோரும் வந்து கூட ஒரு மைதானம் வேண்டும். அதைத்தான் சர்வர் என்பார்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றுக்கான மைதானத்தை அக்கா அந்த அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் நடத்திக்கொண்டிருந்தாள். குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் என்று எங்கிருந்தெல்லாமோ சாயங்காலம் ஆனால் ஆட்கள் வந்து இறங்குவார்கள். யாருக்கும் யார் முகமும் தெரியாது, ஊர்ப் பெயரைக்கூடப் பேச்சுவாக்கில் சொன்னால்தான் உண்டு. பட்டப்பெயர் மட்டும்தான். யார் யாரைச் சுட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எங்கள் திரையில் வெள்ளை எழுத்தில் வரிவரியாக ஓடும். கெட்ட வார்த்தை பேசுகிறவனை அக்கா வெளியே தள்ளிவிடுவாள் என்பதால் அவள் வைத்துக்கொண்ட பெயர் வாட்ச்மேன். "வாட்ச்மேன் அண்ணா, மேப் மாத்துங்க" என்று கெஞ்சுவார்கள். அண்ணா இரட்டைப் பின்னலுடன் உட்கார்ந்து முறுக்குக் கடித்துக்கொண்டே சண்டைக்களத்தை மாற்றுவாள். நான் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

அங்கே வருகிறவர்களில் ஊசி என்று ஒருவர். டாக்டருக்குப் படிக்கிறார் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வதிலிருந்து தெரியும். நன்றாக ஆட மாட்டார். வார்டிலிருந்து நேராக வருவேன் என்பார், வந்த வேகத்தில் சாவார். "ஊசி அண்ணா, உங்க பேஷன்ட் நிலைமையும் இதானா?" என்று யாராவது டைப் செய்தால் ஒரு சிரிப்புக் குறி போடுவார். கோபித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

அந்த வருஷக் கோடையில் அம்மா கர்ப்பமாக இருந்தாள். நாற்பதைத் தொடும் வயது. கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு இது என்ன என்று ஊர் பேசுமே என்று அப்பாவுக்கு உடம்பெல்லாம் கூச்சம். உறவுக்காரர்களுக்குச் சொல்லவில்லை. அம்மா நர்சரி ஸ்கூல் வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டாள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தாம்பரத்து ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டு எங்கோ தள்ளி ஒரு கிளினிக்குக்குப் போனார்கள். அங்கே பிரஷர் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த தடவை போக வேண்டிய நாள் வந்தபோது அப்பாவுக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை. பிறகு போகலாம் என்றார். அப்பா அறிவியல் ஆசிரியர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். மனித உடலைப் பலகையில் வரைந்து பாகம் குறிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஏழாம் மாதம் முடியும்போது அம்மாவின் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. பிறகு முகமும் உப்பியது. "புள்ளத்தாச்சின்னா கால் வீங்காதா?" என்று எல்லோரும் சொன்னார்கள். மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு இழுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலைவலி என்று நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுத்திருப்பாள். கண் முன்னால் பளிச் பளிச்சென்று ஏதோ மின்னுகிறது என்பாள். அக்காவின் அறைப் பக்கம் போனால் அந்தச் சூடும் ஃபேன் இரைச்சலும் தலையைப் பிளக்கிறது என்று ஒரு நாள் சொன்னாள். மெஷின் மூடியைக் கழற்றி வைத்து டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பியிருந்தாள் அக்கா. சூடான தூசி வாசம் ஹால் வரைக்கும் வரும். அம்மா சொன்னது அவ்வளவுதான். ஆனால் அது போதுமானதாக இருந்தது.

எங்கள் தெருவில் வீட்டு ஜெபக்குழு ஒன்று உண்டு. அதை நடத்திய ஆன்ட்டி பின்வீட்டில் இருந்தார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அம்மாவுக்கு வாய்க்கு ருசியில்லை என்று தெரிந்தால் எலுமிச்சை ரசத்தைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு ஓடி வருவார். அம்மாவுக்காக அழுது ஜெபிப்பார், அந்த அழுகையில் பொய் கிடையாது. அதனால்தான் இன்றுவரை எனக்கு அவர் மேல் சரியாகக் கோபப்படவும் வரவில்லை.

ஒரு சாயங்காலம் எங்கள் ஹாலில் கூட்டம். பாய் விரித்துப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பாட்டு நிற்கவில்லை. ஆன்ட்டி அம்மாவின் தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பித்தார். இந்த வீட்டில் என்ன தடை இருந்தாலும் வெளிப்படுத்தும் ஆண்டவரே என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. சின்ன அறையில் மெஷின் தானாக உயிர் பெற்று உறுமியது. கதவு திறந்திருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

அந்த சிஸ்டத்துக்குச் சின்னம் ஒரு குட்டிச் சாத்தான். கொம்பு, வால், கையில் சூலம். மெஷின் புதிதாக எழும்போது எழுத்துகளாலேயே வரைந்த அந்த உருவம் திரையில் நிற்கும். பத்து எண்ணி முடிப்பதற்குள் மறைந்து வெள்ளை எழுத்து ஓடத் தொடங்கிவிடும். மாசக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் மெஷின் என்பதால் நாங்களே அதை இரண்டு மூன்று முறைதான் பார்த்திருந்தோம். எனக்கு அது கார்ட்டூன். ஹாலில் இருந்த பெண்களுக்கு அப்படியில்லை. அவர்கள் கேட்டார்கள், அது வந்து நின்றது, அவர்கள் பார்த்ததும் ஓடிப்போனது.

ஒருத்தி வீல் என்று கத்தினாள். ஆன்ட்டி எழுந்து நின்றார்.

"ஆன்ட்டி, அது லோகோ ஆன்ட்டி. அந்த சாஃப்ட்வேர் செஞ்சவங்க விளையாட்டுக்குப் போட்ட படம்" என்றாள் அக்கா.

"எத்தனையோ படம் இருக்கும்மா. பூ இருக்கு, புறா இருக்கு. இதையா போடுவாங்க? உங்கம்மா சொன்னாளே, அந்த ரூம் பக்கம் போனாதான் தல வலிக்குதுன்னு. நீ படிச்ச பொண்ணு, நீயே யோசி."

அக்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் அறிவியல் ஆசிரியர், ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பா அத்தனை பெண்கள் நடுவில் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "முதல்ல அத ஆஃப் பண்ணு" என்றார். அவர் அதை நம்பினாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. நம்பாதவராகத் தெரிந்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு இருந்தது. அது மட்டும் இப்போது புரிகிறது.

மூன்று நாள் உபவாச ஜெபம் என்று முடிவானது. அம்மாவும் சேர்ந்துகொண்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி சாப்பிடாமல் இருக்கலாமா என்று கேட்ட அக்காவிடம், இளநீர் குடிக்கலாம் என்றார்கள். மாத்திரை பற்றி யாரும் பேசவில்லை. வெறும் வயிற்றில் போடக் கூடாது என்று அம்மாவே நிறுத்திவிட்டாள் போல. மெஷின் மேல் பெட்ஷீட்டைப் போர்த்தி, அதன் மேல் அப்பாவின் பெரிய பைபிளை வைத்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம், எங்களுக்குக் கோடை லீவு, அப்பா மட்டும் அட்மிஷன் வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். அம்மா உள்ளே படுத்திருந்தாள். அக்கா பைபிளை எடுத்துப் பத்திரமாக அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு, மெஷினை ஆன் செய்தாள். சொல்லாமல் கொள்ளாமல் மூடினால் நன்றாக இருக்காது, சொல்லிவிட்டு மூடுகிறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, நாங்கள் வருவோமா என்று அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

சர்வரை மூடுகிறேன் என்று அக்கா டைப் செய்ததும் ஏன் ஏன் என்று கேள்வி. அவள் பாதி சிரிப்பாக, பாதி எரிச்சலாக எல்லாவற்றையும் எழுதினாள். சாத்தான் படம், ஜெபம், அம்மாவின் தலைவலி, வீக்கம், கண்ணில் மின்னல். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊசி சிரிக்கவில்லை. ஆடுவதையும் நிறுத்திவிட்டார். யாரோ அவரைச் சுட்டதாக ஒரு வரி ஓடியது. மறுபடி முளைத்து வந்து, ஆடாமல் டைப் செய்தார்.

"அம்மாவுக்கு எத்தனையாவது மாசம்?"

அக்கா சொன்னாள்.

"முகம் வீங்கியிருக்கா? பிரஷர் எப்போ பாத்தீங்க?"

அதற்குள் மறுபடியும் சுட்டார்கள். மறுபடியும் வந்து நின்றார்.

"வாட்ச்மேன், விளையாடல. இது ஆபத்து. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஃபிட்ஸ் வந்துடும். ப்ளீஸ்."

சுடுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அந்த மைதானத்தில் அத்தனை பேரும் துப்பாக்கியோடு சும்மா நிற்க, திரையில் ஒரு வரிகூட ஓடாததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்பா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அக்கா ஓடினாள். "அப்பா, அம்மாவ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ப்பா. இது பிரஷர்னால வர்றது. ஃபிட்ஸ் வருமாம்."

"யார் சொன்னது?"

இந்த இடத்தில் அக்கா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பயாலஜி மிஸ் சொன்னார் என்றால் அப்பா அப்போதே வண்டியைத் திருப்பியிருப்பார். அவளுக்குப் பொய் வரவில்லை.

"சர்வர்ல ஒருத்தர். டாக்டருக்குப் படிக்கிறாரு."

"பேரு என்ன? எந்தக் காலேஜ்?"

"தெரியாதுப்பா. அங்க ஊசின்னு கூப்பிடுவோம்."

அப்பாவின் முகம் மாறியது. "அப்ப நீ அத ஆன் பண்ணியிருக்க."

அதற்குப் பிறகு அம்மாவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஆன் செய்தது, பைபிளை நகர்த்தியது, முகம் தெரியாத ஆணோடு பேசியது, இதுதான் பேச்சு. ஆன்ட்டி வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். "அதுக்குள்ளேர்ந்து ஒரு குரல் வந்து, ஜெபத்த விடு, பயப்படுன்னு சொல்லுதுன்னா அது யார் குரல்னு யோசிம்மா." அந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்துக்காக, அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே சரியான வார்த்தை பிசாசின் வார்த்தையாகிவிட்டது.

அப்பா மெஷினைப் பெட்ஷீட்டோடு மூட்டை கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஏற்றி, காயலான் கடையில் போட்டுவிட்டு வந்தார். சித்தப்பா கொடுத்த சிடிகளை வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் உருகிய நாற்றம் துணியிலெல்லாம் ஏறியது. அக்கா அழவில்லை. அம்மாவின் அறைக்குப் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அம்மாவிடமே கேட்டாள், "போலாமா அம்மா?" அம்மா, "நாளையோட முடிஞ்சிடுதுடி. அப்பாவ சங்கடப்படுத்தாத" என்றாள்.

மூன்றாம் நாள் காலை, கடைசி ஜெபத்தின் நடுவில் அம்மாவுக்கு வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, பல் கிட்டித்து, உடம்பு வில்லாக வளைந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர்கள் இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். போகிறது, விட்டுப் போகிறது, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார். அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அக்கா செருப்பில்லாமல் முனைக்கு ஓடி ஓர் ஆட்டோக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் வாசற்படியில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். "இன்னா சார் இது? அந்தம்மா வாயில நுரை தள்ளிக்கினு கீது, நீங்க கைதட்டிக்கினு கீறீங்க! புடி சார் கால!" என்று கத்தினார். அந்தக் கத்தலில்தான் அப்பா குனிந்தார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் அன்று ஆட்டோ நகரவே இடமில்லாத நெரிசல். அம்மா பல நாள் கண் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. தங்கச்சி. ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் அப்பாவிடம், "ஒரு நாள் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாமே சார். அறிகுறி ஒண்ணுமே தெரியலையா?" என்று கேட்டார். அப்பா எதுவும் தெரியவில்லை என்றார். பக்கத்தில் நின்ற அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வீட்டுக்கு வந்த மாதம் ஜெபக்குழுவில் அப்பா சாட்சி சொன்னார். வீட்டில் இருந்த வேண்டாத பொருளை அகற்றினோம், கர்த்தர் என் மனைவியைத் திருப்பிக் கொடுத்தார் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு அவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. இப்போது, இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு, வேறு மாதிரி தோன்றுகிறது. அதை நம்பாமல் அவரால் அதற்கப்புறம் ஒரு நாள்கூட வாழ்ந்திருக்க முடியாது. அப்படித் தோன்றுகிறதே தவிர, மன்னிக்க முடிகிறதா என்று கேட்காதீர்கள்.

அம்மா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வீட்டில் அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். என்ன நடந்தது என்று நாங்கள் அவளுக்கு முழுசாகச் சொல்லியிருந்தோம். "அந்தப் பையனுக்குச் சொல்லிட்டியா, நான் பொழச்சிட்டேன்னு?" என்று கேட்டாள்.

அக்கா அன்றைக்குத்தான் அழுதாள்.

எப்படிச் சொல்வது? மெஷின் இல்லை. போன் லைனையும் அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள் எல்லோரையும் சேர்த்து வைத்திருந்தது அரிசி டிரம் பக்கத்தில் ஓடிய அந்தப் பெட்டி ஒன்றுதான். அது போனதும் ஒருவருக்கும் மற்றவரைத் தெரியாமல் போயிற்று. குரோம்பேட்டையில் சில பையன்கள் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து வருவார்கள் என்ற நினைவில் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனாள். ஊசி என்று யாரையாவது தெரியுமா என்று கேட்டாள். கல்லாவில் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மெடிக்கல் ஷாப் அடுத்த கட்டடம்மா" என்றார். வேறு இரண்டு இடங்களிலும் தேடினோம். பிறகு பரீட்சை வந்தது.

அக்கா இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் ஆளைக் கூப்பிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். அவளோடு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், ஆன்ட்டியும்.

அம்மா இருக்கிறாள். போன வாரம் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தப் புள்ள இப்ப பெரிய டாக்டர் ஆயிருப்பான். அன்னைக்கப்புறம் எத்தன நாள் வந்து வந்து பாத்தானோ. திடீர்னு எல்லாம் நின்னு போச்சில்ல? நான் செத்துட்டேன்னுதான் நெனச்சிட்டிருப்பான், பாவம்."

அதனால்தான் இத்தனையும் எழுதினேன். உங்கள் கூட்டத்தில்தான் அவரும் எங்கோ இருக்க வேண்டும், நம் வயதுக்குக் கொஞ்சம் மூத்தவராக.

ஊசி, நான் வாட்ச்மேனின் தங்கை. வாட்ச்மேன் என் அக்கா. நீங்கள் சொன்னதை அவள் அன்றைக்கே சொன்னாள், வீட்டில் கேட்கவில்லை. குழந்தை போய்விட்டது. அம்மா நன்றாக இருக்கிறாள், உங்களை விசாரிக்கிறாள்.